ஒரு கோழி இனத்தை உறைய வைக்க முடியுமா?

2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தாய்லாந்து எல்லைக்கு அருகே, கிளந்தான் மாநிலத்தின் தும்பாட் வட்டாரத்தில் கோழிகளிடம் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. எச்5என்1 என்னும் கிருமி. நோய் மேலும் பரவாமல் இருக்க, அந்தச் சுற்றுவட்டாரக் கோழிகள் அழிக்கப்பட்டன. இதுபோன்ற நேரத்தில் அதிகாரிகளுக்கு வேறு வழி இல்லை. முட்டைக்காக வளர்க்கும் கோழியா, அழகுக்காக வளர்க்கும் கோழியா என்று கிருமி பார்ப்பதில்லை. எனவே தடுப்பவர்களும் பார்க்க முடியாது.

கிளந்தானுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உலகிலேயே மிகச் சிறிய கோழி இனம் என்று பெயர் பெற்ற செராமா அங்கே உருவானதுதான். அரைக் கிலோகூட எடை இல்லாத குட்டிக் கோழி. நெஞ்சை நிமிர்த்தி, இறக்கைகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஓர் அணிவகுப்பு வீரனைப்போல் நிற்கும். அதற்கென்றே அழகுப் போட்டிகள் நடக்கின்றன. அந்த உருவமும் அந்த நடையும் பல தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை.

இப்போது ஒரு கேள்வி. ஒரு சிறிய வட்டாரத்தில் மட்டும் வாழும் ஒரு கோழி இனம், ஒரே வாரத்தில் நோயால் அழிந்துவிட்டால், அதை மீண்டும் உருவாக்க முடியுமா?

நெல், மிளகாய், கத்தரி போன்றவற்றுக்கு விடை எளிது. விதைகளை உலர்த்திக் குளிரில் வைத்தால் பல்லாண்டுகள் கெடாது. நார்வே நாட்டின் சுவால்பார்ட் தீவில் இதற்காகவே 2008ஆம் ஆண்டு ஓர் உலக விதைக் களஞ்சியம் திறக்கப்பட்டது. ஆனால், கோழிக்கு விதை எது? "முட்டைதான்" என்று நீங்கள் சொல்லக்கூடும். முட்டையை உறைய வைத்தால் அது செத்துவிடும். மஞ்சள் கரு மிகப் பெரியது. வெளிப்பக்கம் குளிர்ந்து முடிப்பதற்குள் உள்பக்கம் குளிராது. உறைவிலிருந்து காக்கும் மருந்தும் அதன் உள்ளே சீராக ஊடுருவாது. உறைந்து உருகிய முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரிக்க வைக்க இயலாது.

எஞ்சி இருப்பது சேவலின் விந்து. அதைப் பாதுகாக்கும் முயற்சியில்தான் இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான உயிரியல் கண்டுபிடிப்புகளுள் ஒன்று தற்செயலாகப் பிறந்தது.

அரை மில்லிலிட்டர், நூற்றைம்பது கோடி

சேவல் ஒரு முறை தரும் விந்தின் அளவு பெரும்பாலும் அரை மில்லிலிட்டரைத் தாண்டாது. இருமல் மருந்து குடிக்கும் சிறு கரண்டியில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அது மிகவும் அடர்த்தியானது. ஒரு மில்லிலிட்டரில் சுமார் 300 கோடி முதல் 700 கோடி விந்தணுக்கள் வரை இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேவல் 0.3 மில்லிலிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு 500 கோடி விந்தணு என்றால், மொத்தம் 150 கோடி. செயற்கை முறைக் கருவூட்டலில் ஒரு கோழிக்கு வாரம் ஒருமுறை சுமார் 10 கோடி விந்தணுக்கள் தேவை. அப்படியானால் ஒரு சேவலின் ஒரு முறை விந்து 15 கோழிகளுக்குப் போதும்.

விந்தை எப்படிச் சேகரிக்கிறார்கள்? 1930களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் பரோஸ், குவின் என்ற இரு ஆய்வாளர்கள் கற்றுத்தந்த முறைதான் இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஒருவர் சேவலைப் பிடித்துக்கொள்வார். மற்றவர் அதன் முதுகிலிருந்து வால் வரை மெல்ல வருடிக் கொடுத்து, வாலடியில் இலேசாக அழுத்துவார். சில விநாடிகளில் முடிந்துவிடும். சேவலுக்குக் காயம் எதுவும் இல்லை. பழகிய சேவல்களிடம் வாரத்திற்கு இரண்டு மூன்று முறை சேகரிக்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. பறவைகளுக்குக் கழிவும் விந்தும் ஒரே துவாரம் வழியாகத்தான் வெளியேறும். கொஞ்சம் எச்சம் கலந்தாலும் விந்து கெட்டுவிடும். அதனால் இந்தப் பணிக்குக் கைப்பழக்கம் தேவை.

கோழியின் உடலுக்குள் ஒரு சேமிப்பு அறை

மனித உடலில் விந்தணு அதிகம் போனால் ஐந்து நாள் உயிரோடு இருக்கும். கோழியின் உடலிலோ இரண்டு மூன்று வாரம்! வான்கோழியில் அதைவிட இன்னும் நீண்ட காலம்.

இதற்குக் காரணம், கோழியின் முட்டைக்குழாயில் உள்ள மிக நுண்ணிய சேமிப்புக் குழல்கள். உள்ளே வந்த விந்தணுக்களில் மிகச் சிறு பகுதியே இந்தக் குழல்களை அடைகின்றன. அங்கே அவை ஏறக்குறைய அசையாமல் தங்குகின்றன. ஒவ்வொரு நாளும் சில விந்தணுக்கள் வெளியேறி மேலே சென்று, புதிதாக வரும் மஞ்சள் கருவைச் சந்திக்கின்றன. அதனால்தான் சேவலைப் பிரித்த பிறகும் கோழி பல நாள்கள் கருவுற்ற முட்டை இடுகிறது. வாரம் ஒருமுறை கருவூட்டினால் போதும் என்பதற்கும் இதுவே காரணம்.

இதில் ஒரு வியப்பு பாருங்கள். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் விந்தணு வாரக்கணக்கில் வாழ்கிறது. அதே விந்தை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி மேசைமீது வைத்தால், ஒரு மணி நேரத்திற்குள் கருவூட்டும் திறனை இழக்கத் தொடங்குகிறது. கோழி இயல்பாகச் செய்வதை நாம் ஆய்வகத்தில் இன்னும் முழுமையாகச் செய்ய முடியவில்லை.

முதல் படி: குளிர வைத்தல்

சோதனைக் குழாயில் விந்தணு ஏன் விரைவில் சாகிறது? கோடிக்கணக்கான விந்தணுக்கள் ஓயாமல் நீந்துகின்றன. கையிருப்பு ஆற்றல் தீர்ந்துபோகிறது. அவை வெளியேற்றும் கழிவால் நீர்மம் அமிலமாகிறது. ஆக்சிஜனும் குறைகிறது.

எனவே ஆய்வாளர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். முதலாவது, விந்தை ஒரு சிறப்புக் கரைசலோடு கலந்து நீர்க்கச் செய்வது. அந்தக் கரைசலில் விந்தணுவுக்கு உணவாகச் சர்க்கரை இருக்கும். அமிலத்தைச் சமன்செய்யும் உப்புகள் இருக்கும். அதன் உப்புச்செறிவு விந்தணுவின் உள்ளிருக்கும் செறிவுக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சவ்வூடு பரவலால் விந்தணு வீங்கும் அல்லது சுருங்கும். இரண்டாவது, அதை ஏறக்குறைய 5 பாகை செல்சியசுக்குக் குளிர வைப்பது. குளிரில் விந்தணுவின் ஓட்டம் மெதுவாகிறது. ஆற்றல் செலவும் குறைகிறது.

இப்படிச் செய்தால் ஏறக்குறைய ஒரு நாள் வரை தாக்குப்பிடிக்கும். பக்கத்துப் பண்ணைக்குக் கொண்டுபோக அது போதும். பெரிய பண்ணைகளில் அன்றாடம் நடப்பது இதுதான். இறைச்சிக்காக வளர்க்கும் வான்கோழிகளைப் பாருங்கள். பெரிய நெஞ்சு வேண்டும் என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், அவற்றால் இயற்கையாக இணைசேரவே முடியாமல் போய்விட்டது. இன்று வணிகப் பண்ணைகளில் பிறக்கும் வான்கோழிகள் ஏறக்குறைய எல்லாமே செயற்கை முறைக் கருவூட்டலால் பிறந்தவை. சீனா போன்ற நாடுகளில் கூண்டுகளில் வளர்க்கும் தாய்க்கோழிகளுக்கும் இம்முறை பயன்படுகிறது. பெரும்பாலும் பிற்பகலில்தான் கருவூட்டுவார்கள். காலையில் பல கோழிகளின் வயிற்றில் இடப்போகும் முட்டை வழியை அடைத்துக்கொண்டு இருக்கும் அல்லவா?

ஆனால் ஒரு நாள் என்பது பண்ணைக்குப் போதும். ஓர் இனத்தைக் காப்பதற்குப் போதாது. அதற்குப் பல்லாண்டு வேண்டும். அப்படியென்றால் உறைய வைத்தாக வேண்டும்.

ஐஸ் கிரீம் சொல்லும் பாடம்

பிளாஸ்டிக் குழாயில் விற்கும் 'ஐஸ் கிரீம் மலேசியா' சாப்பிட்டிருப்பீர்கள். நுனியைக் கடித்து உறிஞ்சினால் முதலில் இனிப்புச் சாறு வரும். கடைசியில் சுவையே இல்லாத வெள்ளைப் பனிக்கட்டி மட்டும் மிஞ்சும். ஏன்? தண்ணீர் உறையும்போது தான் மட்டும் தனியாகப் படிகமாகிறது. சர்க்கரையையும் நிறத்தையும் வெளியே தள்ளிவிடுகிறது. எனவே உறையாமல் மிஞ்சிய சாறு மிகவும் கெட்டியாகிறது.

விந்தணுவைச் சுற்றியும் இதுவே நடக்கிறது. வெளியே உள்ள தண்ணீர் முதலில் உறைகிறது. அதிலிருந்த உப்பு, மிஞ்சிய கொஞ்சம் நீர்மத்தில் சேர்ந்து செறிவாகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரை அந்த உப்புநீர் வெளியே இழுக்கிறது. விந்தணு வற்றிச் சுருங்குகிறது. அதன் மெல்லிய சவ்வு சேதமடைகிறது.

"அப்படியானால் மிக வேகமாக உறைய வைத்துவிடலாமே!" என்று தோன்றலாம். வேகமாகக் குளிர்ந்தால் தண்ணீர் வெளியேற நேரம் இருக்காது. உயிரணுவின் உள்ளேயே பனிப்படிகம் உருவாகிவிடும். அது இன்னும் ஆபத்து. மெதுவாகச் சென்றால் உப்பு கொல்லும். வேகமாகச் சென்றால் பனி கொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிக்க வேண்டும்.

பெயர் மாறிய புட்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இலண்டன் மாநகரின் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில், ஆலன் பார்க்ஸ் என்ற மூத்த விஞ்ஞானியின் கீழ் ஆட்ரி ஸ்மித்தும் கிறிஸ்டோபர் போல்ஜும் சேவல் விந்தை உறைய வைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். போல்ஜ் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்.

சர்க்கரை காப்பாற்றுமா என்று பார்த்தார்கள். பழங்களில் உள்ள ஃபுரக்டோஸ் சர்க்கரையின் கரைசலைக் கலந்தார்கள். பயன் பெரிதாக இல்லை. ஆய்வு சில மாதங்கள் நின்றது. எஞ்சிய கரைசல்கள் குளிர் அறையில் கிடந்தன.

மீண்டும் ஆய்வைத் தொடங்கியபோது, குளிர் அறையிலிருந்த அதே புட்டியை எடுத்தார்கள். இந்த முறை உறைந்து உருகிய விந்தணுக்கள் நீந்தின! மகிழ்ச்சியோடு புதிதாக ஃபுரக்டோஸ் கரைசல் தயாரித்துச் சோதித்தார்கள். எல்லாம் செத்துப்போயின. மறுபடியும் பழைய புட்டி. மறுபடியும் விந்தணுக்கள் பிழைத்தன.

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பழைய புட்டியில் மிஞ்சியதோ கொஞ்சம்தான். அதையும் செலவழித்து இன்னும் சில விந்தணுக்களைக் காப்பாற்றுவதா? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மிஞ்சியதில் ஒரு பகுதியை வேதியியல் பகுப்பாய்வுக்குக் கொடுத்தார்கள். விடை வந்தது: அதில் சர்க்கரையே இல்லை. இருந்தவை கிளிசராலும் புரதமும் தண்ணீரும்.

நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகடுகளில் திசுக்களை ஒட்டுவதற்கு, முட்டை வெள்ளைக்கருவும் கிளிசராலும் கலந்த ஒரு கரைசல் அன்றைய ஆய்வகங்களில் பயன்பட்டது. குளிர் அறையில் இருந்தபோது எப்படியோ புட்டிகளின் பெயர்ச்சீட்டுகள் இடம் மாறியிருக்க வேண்டும். அந்தக் கலவையில் காப்பாற்றியது எது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தபோது கிளிசரால் என்று தெரிந்தது. இருமல் மருந்திலும் சவர்க்காரத் தயாரிப்பிலும் வரும் அதே இனிப்பான, பிசுபிசுப்பான நீர்மம்தான்.

1949ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இம்முடிவு வெளியானது. 1951ஆம் ஆண்டு, உறைந்து உருகிய விந்தணுவால் கருவுற்ற முட்டைகளிலிருந்து குஞ்சுகள் பொரிந்ததைப் போல்ஜ் அறிவித்தார். உலர் பனிக்கட்டியின் வெப்பநிலையான கழித்தல் 79 பாகையில் இருந்து மீண்டு வந்த விந்தணுவின் குஞ்சுகள் அவை!

கிளிசரால் என்ன செய்கிறது? அதே கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் லவ்லாக் 1953இல் இதை விளக்கினார். கிளிசரால் உயிரணுவின் உள்ளே எளிதாக நுழைகிறது. தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு, உருவாகும் பனிக்கட்டியின் அளவைக் குறைக்கிறது. பனி குறைந்தால், மிஞ்சிய நீர்மத்தில் உப்பும் ஆபத்தான அளவுக்குச் செறிவாகாது. பின்னாளில் பூமியையே ஓர் உயிருள்ள அமைப்பாகப் பார்க்கும் 'கையா' கருத்தால் உலகப் புகழ் பெற்றவர் இவர்தான்.

சேவல் திறந்த கதவில் மாடு நுழைந்தது

இந்தக் கண்டுபிடிப்பு வேகமாகப் பரவியது. சில ஆண்டுகளுக்குள் உறைந்த காளை விந்தால் கன்றுகள் பிறந்தன. மனித விந்தணுவை உறைய வைத்துக் கருத்தரிக்கச் செய்த செய்தி 1953இல் வெளியானது. சிவப்பணுக்களை உறைய வைத்துக் காக்கவும் கிளிசரால் உதவியது. இன்று மருத்துவமனைகளில் கருமுட்டையும் கருவும் உறைநிலையில் காக்கப்படுவதற்கான பாதை இங்கேதான் தொடங்கியது.

மாட்டுப் பண்ணைத் தொழில் முற்றிலும் மாறியது. ஒரு காளையின் ஒரு முறை விந்தைப் பல நூறு பசுக்களுக்குப் பகிரலாம். அது உறைந்த நிலையில் விமானத்தில் உலகெங்கும் பயணம் செய்கிறது. எவ்வளவு காலம் தாங்கும்? ஆஸ்திரேலியாவில் 1968ஆம் ஆண்டு உறைய வைத்த செம்மறியாட்டு விந்தை, சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகள் கழித்து உருக்கி 56 ஆடுகளுக்குச் செலுத்தினார்கள். 34 ஆடுகள் சினையாயின. கழித்தல் 196 பாகையில் உள்ள திரவ நைட்ரஜனுக்குள் வேதிவினைகள் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. அங்கே காலம் ஓடுவதில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் முதன்முதலில் உறைந்து மீண்ட சேவல் விந்து மட்டும் பின்தங்கிவிட்டது. காரணங்கள் மூன்று.

முதலாவது, அதன் வடிவம். சேவலின் விந்தணு நூல் போன்றது. மனித விந்தணுவைவிட நீளம். ஆனால் தலையின் அகலமோ சுமார் அரை மைக்ரோமீட்டர்தான். உள்ளே இடமே குறைவு. நீண்ட மெல்லிய உடல் உறைந்து உருகும்போது எளிதில் வளைந்து முறிகிறது. உருகிய பிறகு சுமார் பாதி விந்தணுக்கள் இறந்துவிடுவது வழக்கம்.

இரண்டாவது, கிளிசராலே எதிரியாகிறது. குளிரில் காப்பாற்றும் அதே கிளிசரால் கோழியின் உடலுக்குள் போனால் கருத்தரிப்பைத் தடுக்கிறது. எனவே உருகிய பிறகு அதைப் படிப்படியாக நீக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் மேலும் சில விந்தணுக்கள் சேதமாகின்றன. இதற்காக டைமெத்தில் அசிட்டமைடு போன்ற மாற்றுப் பொருள்களையும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அவற்றை நீக்கத் தேவையில்லை. ஆனால் அவற்றுக்கு மிக வேகமாகக் குளிர வைக்கும் வேறு முறைகள் வேண்டும். விந்தைத் துளித் துளியாகத் திரவ நைட்ரஜனில் விட்டுச் சிறு மணிகளாக உறைய வைப்பது அதில் ஒன்று.

மூன்றாவது, சேவலுக்குச் சேவல் வேறுபாடு. ஒரே முறையைப் பின்பற்றினாலும் ஓர் இனத்தில் நல்ல பலன் கிடைக்கிறது. வேறோர் இனத்தில் மிகக் குறைவு. ஒரே இனத்தில்கூட ஒரு சேவலின் விந்து தாங்கும். அதன் சகோதரனுடையது தாங்காது.

வணிகப் பண்ணைக்கு இது கட்டுப்படி ஆகாது. ஆனால் அரிய இனங்களைக் காப்பவர்களின் கணக்கே வேறு. நூறு முட்டையில் முப்பது பொரிந்தாலும் இனம் மீளும். அதனால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் காலின்ஸ் மரபணு வங்கி போன்ற இடங்களில் சேவல் விந்தும் திரவ நைட்ரஜனில் காக்கப்படுகிறது.

பாதி மட்டுமே வங்கியில்

செராமாவுக்கு வருவோம். கோழிகள் எல்லாம் அழிந்து, வங்கியில் விந்து மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்யலாம்?

வேறோர் இனக் கோழிக்கு அந்த விந்தைச் செலுத்த வேண்டும். பிறக்கும் குஞ்சுகள் பாதி செராமா. அவற்றில் பெட்டைகள் வளர்ந்ததும் மீண்டும் வங்கி விந்தைச் செலுத்தினால், அடுத்த தலைமுறை முக்கால் செராமா. பிறகு எட்டில் ஏழு. இப்படியே ஏழாம் தலைமுறையில் 128இல் 127 பங்கு, அதாவது 99 விழுக்காட்டுக்கும் மேல்.

முட்டை பொரிய 21 நாள். பெட்டை முட்டையிடத் தொடங்க ஐந்தாறு மாதம். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஏழு மாதம் என்றால் ஏழு தலைமுறைக்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். ஒவ்வொரு தலைமுறைக்கும் வங்கியில் போதுமான விந்து இருக்க வேண்டும். ஒரே சேவலின் விந்தாக இருந்தால் நெருங்கிய உறவுக் கலப்பால் குறைபாடுகள் பெருகும். எனவே பல சேவல்களிடமிருந்து முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும்.

அப்போதும் முழுமை கிடைக்காது. மனிதரில் ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய் என்று இரு வேறு பால் நிறமூர்த்தங்கள். பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட். கோழிக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. டபிள்யூ தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே போகும். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் மரபணுவும் தாய்வழியே வருகிறது. விந்து வங்கியில் இவை இரண்டும் இல்லை. எத்தனை தலைமுறை கடந்தாலும் அந்தச் சிறு பகுதி வேறோர் இனத்துக்கு உரியதாகவே இருக்கும்.

இதற்கும் ஒரு வழி உருவாகிவருகிறது. அடைகாத்து இரண்டரை நாளான கருவின் இரத்தத்தில், பின்னாளில் விந்தணுவாகவோ முட்டையாகவோ மாறப்போகும் மூல உயிரணுக்கள் நீந்திக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, உறைய வைக்க முடிகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள ரோஸ்லின் ஆய்வுக் கழகம் இதில் முன்னணியில் நிற்கிறது. 1996இல் டாலி என்ற நகலாக்கச் செம்மறியாடு பிறந்த அதே இடம்தான். தனக்கென்று முட்டை உருவாக்க இயலாதபடி மரபணு திருத்தப்பட்ட வாடகைத்தாய்க் கோழியை அங்கே உருவாக்கினார்கள். அரிய இனத்தின் மூல உயிரணுக்களை அதன் கருவில் செலுத்தினால், வளர்ந்தபின் அந்த அரிய இனத்தின் முட்டைகளையே அது இடும். இம்முறையில் தாய்வழி, தந்தைவழி இரண்டும் கிடைக்கும். ஆனால் கருவிகளும் பயிற்சியும் அதிகம் தேவை. விந்தைச் சேகரிக்கவோ இரண்டு கைகளும் ஒரு சிறு குழாயும் தொடக்கத்திற்குப் போதும்.

நோய் வருவதற்கு முன்பே

மலேசியாவின் காடுகளிலும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலும் சிவப்புக் காட்டுக்கோழி இன்றும் வாழ்கிறது. உலகில் நாம் வளர்க்கும் கோழிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். வீட்டுக் கோழிகளோடு கலந்து அதன் தனித்தன்மை கரைந்துவிடுமோ என்ற கவலை விஞ்ஞானிகளுக்கு உண்டு. நாளை ஒரு புதிய நோய் வந்து, அதைத் தாங்கும் மரபணு நம் பண்ணைக் கோழிகளிடம் இல்லை என்று தெரிந்தால், எங்கே தேடுவோம்? இத்தகைய காட்டுக்கோழிகளிடமும் கிராமத்துக் கோழிகளிடமும்தான்.

உறைநிலை வங்கிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: ஆரோக்கியமான பறவையிடமிருந்துதான் சேகரிக்கலாம். காய்ச்சல் வந்த பிறகு விந்தைச் சேர்த்தால் கிருமியையும் சேர்த்தே உறைய வைத்ததாகிவிடும். எனவே ஆபத்து எதுவும் தெரியாத சாதாரண நாளில்தான் இந்த வேலை நடக்க வேண்டும். வங்கி தொடங்கிய பின்பும் ஓய்வில்லை. திரவ நைட்ரஜன் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். யாராவது அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை மறந்தாலும் ஐம்பது ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் உருகிப்போகும்.

எந்த இனத்தைக் காப்பது, யார் செலவில் காப்பது என்பவை ஆய்வகம் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல. அந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டிய தலைமுறை நீங்கள்தான்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் அதே அளவு தண்ணீருடன் இரண்டு தேக்கரண்டி உப்பு. மூன்றாவதில் அதே அளவு தண்ணீருடன் இரண்டு தேக்கரண்டி கிளிசரால், மருந்தகத்தில் கிடைக்கும். மூன்றையும் குளிர்பதனப் பெட்டியின் உறைவிப்பானில் வையுங்கள். அரை மணி நேரத்திற்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எது முதலில் உறைகிறது? உறைந்தவை எல்லாம் ஒரே அளவு கெட்டியாக இருக்கின்றனவா? கரண்டியால் கீறிப் பாருங்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. வங்கி விந்தைக் கொண்டு ஐந்து தலைமுறை கலந்தால், குஞ்சுகளில் எத்தனை விழுக்காடு மூல இனம் இருக்கும்?

2. பழைய புட்டியில் மிஞ்சிய கரைசலைப் பகுப்பாய்வு செய்யாமல் போல்ஜ் குழுவினர் முழுவதையும் பயன்படுத்தித் தீர்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

3. உங்கள் வட்டாரத்தில் காக்கப்பட வேண்டிய கோழி, ஆடு அல்லது மாட்டினம் ஏதேனும் உண்டா? வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.